பில்லா கோலாலம்பூருக்கு வந்த கதை

கோலாலம்பூருக்கு வடக்கே, பத்துமலை அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறந்து வைக்கப்பெற்றது. ஈராண்டு நிறைவதற்குள் அச்சிலையின் முன்னே ஆடிப்பாடும் காட்சியைத் தமிழுலகம் வெண்திரையில் கண்டது. 2007 திசம்பர் 14-இல் வெளிவந்த 'பில்லா' என்னும் படமே அது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர், தாம் ஆண்டுதோறும் காவடி சுமந்து ஏறும் மலையைத் தமிழ்த் திரையில் கண்டு மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி இயல்பானதே. ஆயினும் திரையில் ஓடிய கதை கோலாலம்பூரில் பிறந்ததன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பம்பாயில் பிறந்து, மொழிதோறும் நடந்து, இறுதியில் மலேசியா வந்து சேர்ந்த கதை அது.

1978-இல் வெளிவந்த இந்திப் படமான 'டான்' அதன் மூலம். சலீம் - ஜாவேத் இருவரும் எழுதிய கதையைச் சந்திர பரோட் இயக்கினார். அமிதாப் பச்சன் இரட்டை வேடம் பூண்டார். கடன் சுமையில் தவித்த ஒளிப்பதிவாளர் நரிமன் இரானியை மீட்கும் பொருட்டே அப்படம் தொடங்கப்பெற்றது. படம் வெளிவருமுன்னரே அவர் இறந்துபட்டார் என்பது வருந்தத்தக்கது. கதை எளிது. கொடியவன் ஒருவன் காவல்துறையின் துரத்தலில் மடிகிறான். அவனைப்போன்றே முகமுடைய ஏழைத் தெருப்பாடகனை, அவனிடத்தில் கூட்டத்துக்குள் அனுப்புகிறார் காவல் அதிகாரி. அந்த அதிகாரியும் இறந்துவிட, உண்மையறிந்தவர் ஒருவருமின்றி நல்லவன் நடுத்தெருவில் நிற்கிறான்.

இக்கதை 1979-இல் தெலுங்கில் என்.டி. ராமராவ் நடிக்க 'யுகந்தர்' ஆயிற்று. 1980-இல் இரசினிகாந்த் நடிக்கத் தமிழில் 'பில்லா' ஆயிற்று. 1986-இல் மோகன்லால் நடிக்க மலையாளத்தில் 'சோபராஜ்' ஆயிற்று. தமிழ்ப் 'பில்லா'வை ஆர். கிருட்டிணமூர்த்தி இயக்கினார். இந்திப் படங்களைத் தமிழாக்குவதில் பெயர்பெற்ற கே. பாலாஜி காவல் அதிகாரி அலெக்சாண்டராகத் தாமே தோன்றினார். பம்பாய் சென்னையாயிற்று, தெருப்பாடகன் இராசப்பா ஆனான். மற்றபடி பெரிய மாற்றம் எதுவுமில்லை. கொடியவன் மாள்வதும் நல்லவன் விடுதலை பெறுவதும் மூலத்தில் இருந்தவாறே இருந்தன.

கதை கடல் கடந்தது 2006-இல். ஃபர்ஹான் அக்தர் இயக்கிய புதிய 'டான்', கோலாலம்பூரைத் தன் களமாக்கிக் கொண்டது. அடுத்த ஆண்டு விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அசித்குமார் நடித்த 'பில்லா'வும் அதே நகரைத் தேர்ந்தது. 2009-இல் பிரபாசு நடித்த தெலுங்குப் 'பில்லா'வும் பெரும்பகுதி மலேசியாவிலேயே படமாயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே கதை மூன்று மொழிகளில் ஒரே நாட்டில் எடுக்கப்பட்டது.

இவற்றுள் முதலிரண்டையும் ஒப்பிடுதல் பயனுடையது. தமிழ்ப் படம் பழைய முடிவை விடவில்லை. பில்லா இறந்தான்; வேலு என்னும் எளியவன் வென்றான். இந்திப் படமோ முடிவைத் தலைகீழாக்கியது: இறந்தவன் நல்லவன், அவன் பெயரில் இறுதிவரை நடமாடியவன் கொடியவனே. அறம் வெல்லும் என்று நம்பியிருந்த பார்வையாளர், தாம் இரண்டரை மணி நேரம் இரங்கியது யாருக்காக என்று திகைத்துப் போயினர்.

இவ்வொரு மாற்றமே பின்வந்த தொடர்ச்சிகளின் திசையை வகுத்தது. கொடியவன் உயிரோடிருந்தமையால் 2011-இல் வந்த 'டான் 2' கதையை முன்னோக்கி நடத்த முடிந்தது. மலேசியச் சிறையொன்றிலிருந்து தப்பும் தலைவன் பெர்லின் நகருக்குச் செல்கிறான். தமிழில் அது இயலவில்லை. புதைத்தவனை எழுப்புவது எங்ஙனம்? ஆகவே 2012-இல் சக்ரி டோலெட்டி இயக்கிய 'பில்லா 2' பின்னோக்கிச் சென்று, அவன் பில்லாவான முன்கதையைச் சொன்னது. இலங்கையிலிருந்து கடல்வழி வந்த ஏதிலி இளைஞனாக அவன் காட்டப்பெற்றான். தொடக்கக் காட்சிகளில் இருந்த கனத்தை அப்படம் சற்று நேரத்தில் கைவிட்டுத் துப்பாக்கிச் சண்டையிற் புகுந்துவிட்டது என்று குறை கூறுவதில் தவறில்லை. ஏதிலி முகாமின் துயரம் ஒரு வீரனுக்கு முன்னுரையாக மட்டும் பயன்பட்டது.

முடிவை மாற்றுவது கதையையே மாற்றுவதாகும் என்பதற்கு வடபுலத்துக் குற்றப்படங்களில் தக்கதோர் ஒப்புமை உண்டு. நார்வே நாட்டு எரிக் ஷோல்பியார்க் 1997-இல் 'இன்சோம்னியா' என்னும் படத்தை இயக்கினார். இரவிலும் கதிரவன் மறையாத வடகோடி ஊருக்குக் கொலை வழக்கொன்றை ஆராய வரும் துப்பறிவாளர், பனிமூட்டத்தில் தவறுதலாகத் தம் தோழரையே சுட்டுக்கொன்று, அதனை மறைக்கிறார். உறக்கம் அவரை விட்டகல்கிறது. உண்மையை அறிந்த இளம் பெண் அதிகாரி, சான்றாகக் கிடைத்த தோட்டாக் கூட்டை அவர் முன்னே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் தண்டனையின்றி ஊர் திரும்புகிறார். உறங்காத கண்கள் மட்டும் எஞ்சுகின்றன. 2002-இல் கிறிஸ்டோபர் நோலன் அமெரிக்காவில் இதனை மறுவாக்கம் செய்தபோது துப்பறிவாளர் இறந்து தம் பிழைக்கு ஈடுசெய்கிறார். நார்வேப் படம் மனச்சான்றிடம் விட்டதை அமெரிக்கப் படம் தானே தீர்த்து வைத்தது.

டென்மார்க்கில் நிகழ்ந்தது வேறு வகை. ஓலே போர்னெடால் 1994-இல் எடுத்த 'நாட்டவாக்டன்' என்னும் பிணவறைக் காவலன் கதையை 1997-இல் அவரே ஆங்கிலத்தில் மீண்டும் எடுத்தார். அம்மறுவாக்கத்திற்கு வழித்தோன்றல் இல்லை. 2023-இல் அவர் தொடர்ச்சி எடுத்தபோது, 29 ஆண்டுகளுக்கு முந்தைய டேனிய மொழிப் படத்திலிருந்தே தொடர்ந்தார்.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. நோலன் நார்வேக் கதையைக் கொண்டு சென்றது அலாஸ்காவுக்கு. அங்கும் கோடையில் இரவு இருள்வதில்லை. கதைக்கு உயிரான ஒளி அங்குக் கிடைத்தமையால் அவ்விடம் தேவையாயிற்று. 'பில்லா' கோலாலம்பூருக்கு வந்ததில் அத்தகைய தேவை ஏதுமில்லை. இரட்டைக் கோபுரமும் அகன்ற நெடுஞ்சாலையும் பத்துமலையும் கண்ணுக்கு விருந்தாயின. குற்றம் புரிபவனும் தமிழன், துரத்துபவரும் தமிழர். ஆனால் அவர்களுள் எவர் பின்னும் ஒரு பால்மரத் தோட்டம் இல்லை, கிள்ளான் வீதி இல்லை. அந்நகரைக் கட்டியோரின் பேரன்மார் அக்கதையில் இடம்பெறவேயில்லை.

அவ்விடம் 2016-இல் நிரம்பியது. 1980-இல் பில்லாவாக நடித்த இரசினிகாந்தே, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, பா. இரஞ்சித் இயக்கிய 'கபாலி'யில் கோலாலம்பூரின் குண்டர் கும்பல் தலைவராக வந்தார். அவர் வேற்றூரிலிருந்து வந்து இறங்கியவராகக் காட்டப்பெறவில்லை. தொழிலாளர் உரிமைப் போராட்டத்தில் முளைத்து, கும்பல் வாழ்வில் சிக்கி, 25 ஆண்டுச் சிறைக்குப் பின் வெளிவரும் மலேசியத் தமிழராகக் காட்டப்பெற்றார். வழிதவறிய இளைஞர்க்கான பள்ளி ஒன்றும் கதையில் உண்டு. வீரனைப் போற்றும் வழக்கமான மிகை இப்படத்திலும் இல்லாமலில்லை. எனினும் நகரம் வெறும் திரைச்சீலையாய் நிற்கவில்லை.

இப்படத்திற்கும் இரு முடிவுகள் அமைந்தன என்பது வியப்பு. இந்தியாவில், இறுதியில் ஓர் இளைஞன் கபாலியை நெருங்க, திரை இருண்டு துப்பாக்கி ஓசை மட்டும் கேட்கிறது. நேர்ந்தது இன்னதென்பது பார்வையாளர் ஊகத்திற்கு விடப்படுகிறது. மலேசியாவிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்னும் எழுத்துகள் திரையில் தோன்றின. குற்றம் புரிந்தவன் சட்டத்திற்கு உட்படாமல் போகலாகாது என்னும் தணிக்கை நெறி அங்கு நிலவியதே காரணம். மறுவாக்கம் எதுவுமின்றியே ஒரே படம் இரு நாடுகளில் இரு கதைகளாயிற்று. சென்னை மாணவனும் கிள்ளான் மாணவனும் அப்படத்தின் முடிவைப் பற்றி வாதிட்டால், இருவர் கூற்றும் உண்மையே.

'கபாலி' வெளிவருவதற்கு ஏழு திங்கள் முன்னர், 2015 திசம்பரில், மலேசியத் தமிழரே எடுத்த 'ஜகாட்' திரைக்கு வந்துவிட்டது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அப்படத்தில் பெரிய நடிகர் எவருமில்லை. 1990-களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் ஒன்றில் அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தந்தையின் கண்டிப்புக்கும் கும்பல் வாழ்வின் கவர்ச்சிக்கும் இடையே வளர்கிறான். குண்டர் பில்லாவைப் போல் ஒப்பனையோடு வருவதில்லை. வேலையற்ற சிற்றப்பனாகவும் அண்டை வீட்டு அண்ணனாகவும் வருகிறார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கிய தலைமுறையின் வரலாறு, பாடநூலில் ஒரு வரியாகவும் அமையாத வரலாறு, அச்சிறுவன் முகத்தில் தெரிகிறது. தலைப்பு, கெட்டது என்று பொருள்படும் 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல் மலேசியத் தமிழர் நாவில் திரிந்த வடிவம். 

மொழிவாரியாகப் பரிசுகள் பிரிக்கப்பட்டது குறித்து எழுந்த கருத்து மோதலுக்கிடையே நடைபெற்ற 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், சிறந்த மலேசியத் திரைப்படத்திற்குரிய விருது 'ஜகாட்' படத்திற்கு வழங்கப்பெற்றது.