திருகோணமலைத் தேர்தல் தொகுதி: எல்லைகளும் பிரதிநிதிகளும், 1947–1989

கிழக்கு மாகாணத்தின் வடகோடியில், கோணேசர் மலையின் அடிவாரத்திலே ஆழ்ந்து அகன்று கிடக்கும் இயற்கைத் துறைமுகத்தினால் உலகப் பிரசித்தி பெற்ற திருகோணமலை, நாற்பதாண்டுகளுக்குக் குறையாத காலம் இலங்கைப் பாராளுமன்றத்துக்குத் தன் பெயரால் ஓர் உறுப்பினரைத் தெரிந்தனுப்பும் தனித் தேர்தல் தொகுதியாகவும் விளங்கியது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஐரோப்பிய ஜாதியார் ஒருவர் பின் ஒருவராக இத்துறைமுகத்துக்காகப் பொருத வரலாற்றை விரித்துரைக்கும் நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அத்துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த மக்கள் வாக்குச்சீட்டைக் கையிலெடுத்து என்ன அபிப்பிராயத்தைத் தெரிவித்தார்கள் என்பதும், அந்த அபிப்பிராயத்துக்கு என்ன நேர்ந்தது என்பதும் அதே அளவு சிரத்தையுடன் ஆராயத்தக்க விஷயங்கள் என்பது எமது துணிபு.

1947 முதல் 1977 வரை நடைபெற்ற எட்டுப் பொதுத் தேர்தல்களில் இத்தொகுதி முதன்முறை தமிழ்க் காங்கிரஸையும், அதன்பின் ஏழு முறை தொடர்ச்சியாகத் தமிழரசுக் கட்சியையும் அதன் வழிவந்த கூட்டணியையுமே தெரிந்தெடுத்தது. இத்தகைய ஒருமைப்பாட்டைக் காண்போர், இங்கே ஆராய்வதற்கு யாதுமில்லையென்று எண்ணக்கூடும். எனினும், வாக்காளரின் விடை மாறாதிருந்த அதே காலத்தில், அவர்களைச் சூழ வரையப்பட்ட கோடுகள் 1946இலும் 1959இலும் 1976இலும் 1978இலும் மாறிக்கொண்டே வந்தன. திருகோணமலை மாவட்டத்தில் தேர்தலின் பயனை நிர்ணயித்தவை, வாக்களிப்புக்கு முன்னரே ஆணைக்குழுக்கள் வரைந்த அந்தக் கோடுகளே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

சர்வஜன வாக்குரிமையை இலங்கைக்கு அளித்த டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ், 1931இல், திருகோணமலைக்குத் தனித் தொகுதி கிடைக்கவில்லை. மட்டக்களப்பின் வடபகுதியோடு இணைந்த பரந்த தொகுதியொன்றிலிருந்தே அரசாங்க சபைக்கு உறுப்பினர் சென்றார். யாழ்ப்பாணத்தார் அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோதும் கிழக்கில் அது நடைபெற்றது என்பது கவனிக்கத்தக்கது. கிழக்கின் அரசியல் வடக்கின் நிழலாகவே இயங்கியது என்று பொதுப்படக் கூறுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். 1943இல் இவ்விணைத் தொகுதியின் உறுப்பினரான வ. நல்லையா, மறுவருடம் ஜே. ஆர். ஜயவர்த்தனா சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டுமெனக் கொண்டுவந்த பிரேரணைக்குத் தமிழையும் சேர்த்துக்கொள்ளும் திருத்தத்தை முன்வைத்தார். அத்திருத்தம் ஏற்கப்பட்டு, இரு மொழிகளும் அரசகரும மொழிகளாக வேண்டுமென்பது சபையின் தீர்மானமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அத்தீர்மானம் எவ்வாறு கைவிடப்பட்டது என்பதை நோக்குமிடத்து, மொழியுரிமைக் குரல் சட்டமன்றத்தில் ஒருமுறையேனும் வென்றது இந்தத் தொகுதியின் பிரதிநிதி வாயிலாகவே என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

சோல்பரி அரசியல் திட்டத்தின்கீழ் அமைந்த எல்லை நிர்ணய ஆணைக்குழு, எழுபத்தையாயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர், ஆயிரம் சதுரமைலுக்கு மேலும் ஓர் உறுப்பினர் என்னும் விதிப்படி மாகாணங்களுக்கு ஆசனங்களைப் பகிர்ந்தது. சனத்தொகை குறைந்து நிலப்பரப்பு மிகுந்த கிழக்கு மாகாணத்துக்கு இவ்விதி அனுகூலமாயிற்று. மாகாணத்துக்குக் கிடைத்த ஏழு ஆசனங்களில் திருகோணமலை, மூதூர் என்னும் இரண்டும் திருகோணமலை மாவட்டத்துக்குரியவை. 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டம் முழுவதிலும் ஏறத்தாழ எழுபத்தாறாயிரம் பேரே வாழ்ந்தனர் என்பதை நினைத்தால், நிலப்பரப்புக்கு மதிப்பளித்த விதியின் பயன் விளங்கும். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கேயும் கிண்ணியாவிலும் முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்த பகுதி மூதூராகவும், நகரத்தையும் வடகரையோரத் தமிழ்க் கிராமங்களையும் கொண்ட பகுதி திருகோணமலையாகவும் வகுக்கப்பட்டன. துறைமுகத்தின் நீர்ப்பரப்பே இவ்விரு தொகுதிகளுக்கும் இடையே இயற்கை எல்லையாக அமைந்தது எனலாம்.

1947இல் திருகோணமலைத் தொகுதியின் முதலாவது உறுப்பினராக அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். சிவபாலன் தெரிவானார். அத்தேர்தலில் காங்கிரஸ் பெற்ற ஏழு ஆசனங்களுள் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குரியவை. எஞ்சிய ஒன்று திருகோணமலை. தனிமனிதச் செல்வாக்கே மேலோங்கி நின்ற கிழக்கின் ஏனைய தொகுதிகளிலிருந்து விலகி, கட்சியின் கொள்கைக்கு வாக்களிக்கும் பழக்கம் இந்நகரில் தொடக்கத்திலேயே வேரூன்றியதற்கு, துறைமுகமும் கடற்படைத் தளமும் உருவாக்கிய சம்பளத் தொழிலாளரும் எழுதுவினைஞரும் அடங்கிய நகர வாழ்வு ஒரு காரணமாயிருந்திருக்கலாம் என்பது எமது கருத்து. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காகிய நகரம் அது. உலக அரசியலின் அதிர்ச்சியைத் தன் வீதிகளிலேயே உணர்ந்த மக்கள் உள்நாட்டு அரசியலையும் கூர்ந்து கவனித்தார்கள்.

காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் இடம்பெற்றதும், மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதும் கட்சியைப் பிளந்தன. சா. ஜே. வே. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் வெளியேறி, 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஸ்தாபித்தனர். அக்கட்சியின் முதலாவது தேசிய மாநாடு 1951 ஏப்ரலில் கூடிய இடம் யாழ்ப்பாணமன்று, திருகோணமலை. சமஷ்டி ஆட்சி, குடியேற்றத் திட்டங்களால் தமிழ்ப் பேசும் பிரதேசங்களுக்கு நேரும் அபாயம் ஆகிய இரண்டையும் ஒருசேரப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான களம் இல்லை. யாழ்ப்பாணத்து வாக்காளனுக்குக் குடியேற்றம் பத்திரிகையில் வாசிக்கும் செய்தி. தம்பலகாமத்துக் கமக்காரனுக்கோ அது தன் வயலுக்கு மேலுள்ள குளத்தின் அலைகரையில் நடந்த சம்பவம்.

இதன் பலன் மறுவருடமே வெளிப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் தமிழரசுக் கட்சிக்குப் பெருந்தோல்வியாக முடிந்தது. காங்கேசன்துறையில் கட்சித் தலைவர் செல்வநாயகமே ஐக்கிய தேசியக் கட்சியைச் சேர்ந்த சு. நடேசனிடம் தோற்றார். கோப்பாயில் வன்னியசிங்கமும் திருகோணமலையில் என். ஆர். இராஜவரோதயமும் மாத்திரமே வென்றனர். இவ்விரு ஆசனங்களும் இல்லாதிருந்தால் சமஷ்டிக் கோரிக்கை பாராளுமன்றத்தில் குரலற்றுப் போயிருக்கும். அதிலும், கோப்பாய் மாத்திரம் கிடைத்திருப்பின், கட்சி குடாநாட்டின் ஒரு கோஷ்டியென்றே கணிக்கப்பட்டிருக்கும். வடக்கு, கிழக்கு இரண்டினதும் பிரதிநிதித்துவத்தைக் கோரும் தார்மிக உரிமையை அதற்கு வழங்கியது திருகோணமலை வாக்காளரின் தீர்ப்பு. தமிழரசியலின் சரித்திரத்தை 1956இல் தொடங்கி எழுதும் ஆசிரியர்கள் இந்தக் கடனை உரிய அளவு நினைவுகூருவதில்லை என்பது எமது மனக்குறை.

1956 ஏப்ரலில் இராஜவரோதயம் மீண்டும் தெரிவானார். கட்சியும் பத்து ஆசனங்களைப் பெற்றது. ஜூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேற, ஆகஸ்டு மாதத்தில் திருகோணமலையிலேயே கூடிய மாநாடு, சமஷ்டி, மொழிச் சமத்துவம், பிரஜாவுரிமை, குடியேற்றத் தடை ஆகிய நான்கு கோரிக்கைகளை ஓராண்டுத் தவணையோடு அரசாங்கத்தின் முன் வைத்தது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தொண்டர்கள் கால்நடையாகப் புறப்பட்டு வந்து கூடிய அந்த யாத்திரையின் விளைவே 1957 ஜூலை 26ஆம் திகதிய பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம். குடியேற்றத்துக்குக் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு அளிக்க அது உடன்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அது கிழித்தெறியப்பட்டமையால் எல்லாரும் நட்டமடைந்தனர். ஆயினும் அந்த நட்டத்தின் முழுப் பாரத்தையும் வயல்வெளிகளில் உணர்ந்த மாவட்டங்களுள் திருகோணமலை முன்னிற்கிறது.

அதே 1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. தளத்தை நம்பியிருந்த தொழிலாளரின் வாழ்வு தளர, நகரத்தின் பொருளாதாரம் சுருங்கிற்று. மறுபுறம், கந்தளாய், அல்லை, முதலிக்குளம், பதவியா முதலிய நீர்ப்பாசனக் குடியேற்றங்கள் விரிவடைந்தன. 1921இல் மாவட்ட சனத்தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாயிருந்த சிங்கள மக்கள் 1981இல் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினராயினர். மாவட்டத்தின் மொத்தத் தொகையும் அவ்வாண்டில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நிலமற்ற விவசாயி நிலம் பெறுவது குற்றமன்று. வறண்ட பூமியைத் திருத்தி விளைவித்த உழைப்பாளிகள் எவ்வினத்தவராயினும் மதிக்கத்தக்கவரே. அக்காணிகளுக்கு உரியவரைத் தெரிவுசெய்வதில் அந்த மாவட்டத்தாரின் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதும், சனத்தொகை மாற்றம் காலகதியில் தொகுதி எல்லைகளாக உருவெடுத்தது என்பதும்தான் இங்கு ஆராய்ச்சிக்குரியன.

1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயம் நாட்டின் தொகுதிகளை 145 ஆக உயர்த்தியபோது, பல சமூகத்தார் கலந்து வாழும் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டது. திருகோணமலை ஒற்றை அங்கத்தவர் தொகுதியாகவே நீடித்தது. இரட்டைத் தொகுதி முறை, ஒரு சமூகத்தின் பெரும்பான்மை மற்றச் சமூகத்தின் குரலை அடக்கிவிடாமல் காப்பதற்கென வகுக்கப்பட்ட விவேகமான ஏற்பாடு. 1970இல் மூதூரிலிருந்து கிண்ணியாவைச் சேர்ந்த ஏ. எல். அப்துல் மஜீத் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் சார்பிலும், அ. தங்கத்துரை தமிழரசுக் கட்சியின் சார்பிலும் ஒருங்கே தெரிவானமை, அந்த ஏற்பாடு தன் நோக்கத்தை நிறைவேற்றியதற்குச் சான்று.

திருகோணமலையில் 1960 மார்ச், ஜூலை ஆகிய இரு தேர்தல்களிலும் இராஜவரோதயமே வென்றார். 1961இல் கச்சேரிகளின் வாயிலில் நடந்த சத்தியாக்கிரகம் திருகோணமலையிலும் நடைபெற்றது. 1963இல் அவர் காலமானபின் அவ்விடம் எஸ். எம். மாணிக்கராஜாவுக்கு வந்தது; 1970இல் பா. நேமிநாதன் தெரிவானார். இக்காலத்து நிகழ்ச்சிகளுள் ஒன்றை மாத்திரம் சற்று விரித்துக் கூறலாம். 1965இல் தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்துக்கு ஆதரவளித்து, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சூழலைப் புனித நகராக்குவது குறித்து ஆராய அவர் குழுவொன்றை நியமித்தபோது, பிக்கு ஒருவரின் ஆட்சேபத்தைத் தொடர்ந்து பிரதமர் அக்குழுவின் பணியை நிறுத்திவைத்தார். 1968இல் திருச்செல்வம் பதவி துறந்தார். எதிர்பார்த்த மாவட்ட சபைகளும் கிடைக்காது ஏமாற்றமுற்றிருந்த கட்சிக்கு அரசாங்கத்தோடுள்ள உறவு முறிந்தது. தேசிய அரசாங்கமொன்றின் கூட்டுறவு இத்தொகுதிக்குள் இருக்கும் ஒரு குன்றின்மேல் தளர்வுற்றது என்பதிலிருந்து, இம்மண்ணின் அரசியல் எவ்வளவு நுண்ணிய உணர்ச்சிகளோடு பிணைந்தது என்பதை அறியலாம்.

எல்லாவற்றிலும் பாரதூரமான மாற்றம் 1976ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தோடு வந்தது. மூதூரின் இரட்டை அங்கத்துவம் நீக்கப்பட்டது. கந்தளாய், அல்லைக் குடியேற்றங்களை உள்ளடக்கிச் சேருவில என்னும் புதிய தொகுதி உருவாக்கப்பட்டது. மாவட்டத்துக்குரிய உறுப்பினர் தொகை முன்போலவே மூன்று. ஆனால் அம்மூவர் யாவர் என்பது மாறிற்று. 1970இல் மாவட்டம் இரு தமிழரையும் ஒரு முஸ்லிமையும் அனுப்பியது. 1977 ஜூலை 21ஆம் திகதி அது திருகோணமலையிலிருந்து தமிழர் விடுதலைக் கூட்டணியின் இரா. சம்பந்தனையும், மூதூரிலிருந்து ஐக்கிய தேசியக் கட்சியின் எம். ஈ. எச். மகரூப்பையும், சேருவிலவிலிருந்து அதே கட்சியின் எச். டி. எல். லீலாரத்னவையும் அனுப்பியது. மூன்று சமூகத்துக்கும் ஒவ்வோர் ஆசனம் என்பது மேலெழுந்தவாரியாக நீதியெனத் தோன்றலாம். ஆயினும், ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு தொகுதிக்குள் அடைக்கப்பட்டபின், மற்றச் சமூகத்தின் வாக்கை நாடவேண்டிய அவசியம் எந்த வேட்பாளனுக்கும் குறைந்துபோகிறது. மூதூர் இரட்டைத் தொகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாக்குச்சாவடியில் கொண்டிருந்த அரசியல் உறவு இவ்வாறே அறுந்தது. பழைய ஏற்பாட்டின் ஒழிவை இழப்பென்றே நாம் கருதுகிறோம்.

சம்பந்தன் உதயசூரியன் சின்னத்தில் பெற்ற ஆணை, அன்றைய சட்டப்படி, ஆறாண்டுக்குரியது. 1982 டிசம்பரில் நடத்தப்பட்ட சர்வஜன வாக்கெடுப்பு, தேர்தலின்றியே பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டு நீடித்தது. வாக்காளர் கொடாத காலத்துக்குப் பதவியில் அமர்வது முறையன்று என்பது கூட்டணியின் நிலைப்பாடு. 1983 ஜூலை வன்செயல்களின் பின், ஆகஸ்டு 8ஆம் திகதிய, அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லையெனச் சத்தியம் செய்யும்படி உறுப்பினரை நிர்ப்பந்தித்தது. கூட்டணியினர் மறுத்தனர், சபைக்குச் செல்லாதிருந்தனர், அவ்வாண்டு செப்டெம்பரில் சம்பந்தனின் ஆசனம் வெறிதாயிற்று. 1918இல் அயர்லாந்தின் 105 ஆசனங்களில் 73ஐ வென்ற சின் பெயின் கட்சியார் வெஸ்ட்மின்ஸ்டரில் அமர மறுத்ததை வாசகர் நினைவுகூரக்கூடும். அவர்கள் டப்ளினில் தமக்கென ஒரு சபையைக் கூட்டினார்கள். திருகோணமலை வாக்காளருக்கோ அத்தகைய மாற்றுச் சபை எதுவும் இருக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் பெயரால் பேசுவதற்குப் பாராளுமன்றத்தில் ஒருவரும் இல்லை.

அதற்கு முன்னரே, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒற்றைத் தொகுதி முறையை ஒழித்து, நாட்டை 22 தேர்தல் மாவட்டங்களாக வகுத்து விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை ஏற்படுத்தியிருந்தது. 1885ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் அயர்லாந்தின் கின்சேல் என்னும் துறைமுகப் பட்டினம் தன் தனி ஆசனத்தை இழந்து, கோர்க் கவுண்டியின் பரந்த தொகுதியொன்றில் கரைந்தது. அவ்வாறே 1989 பெப்ரவரி 15ஆம் திகதிய தேர்தலில் திருகோணமலை நகரத் தொகுதியும் நான்கு உறுப்பினருக்குரிய மாவட்டத்தினுள் அடங்கிற்று. விகிதாசார முறையைக் குறைகூறுவது எளிது. எனினும், எல்லைக் கோடுகளால் சிதறுண்ட தமிழ், முஸ்லிம் வாக்குகளை மாவட்ட மட்டத்தில் மீண்டும் ஒன்றுதிரட்டும் வாய்ப்பை அதுவே அளித்தது என்பதை நடுநிலையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சம்பந்தன் 1997இல் மாவட்டப் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துக்குத் திரும்பினார். 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானார். 2024 ஜூன் 30ஆம் திகதி காலமானார். ஒற்றைத் தொகுதிக் காலத்தில் திருகோணமலை தெரிந்தனுப்பிய ஐவருள் இறுதியானவர் அவரே. பழைய தொகுதியின் பெயர் இன்று தேர்தல் மாவட்டத்தின் ஒரு வாக்களிப்புப் பிரிவுக்குரியதாக நிலைத்திருக்கிறது. மூதூர், சேருவில ஆகிய இரு பிரிவுகளின் எண்ணிக்கையோடு அதன் எண்ணிக்கையும் ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் தனியாகவே அறிவிக்கப்படுகிறது.