ரைவ்ஸ் கெழுவிலிருந்து சமூக-நீரியல் வரை: சிவபாலன் ஆய்வின் வேர் குறித்து ஒரு மறுபார்வை

நீரியலாளர்கள் முருகேசு சிவபாலன், ஹூபர்ட் சவெனியே, குந்தர் புளோஷல் மூவரும் 2012இல் ‘ஹைட்ராலஜிகல் பிராசஸஸ்’ இதழில் சமூக-நீரியலை மனிதரும் நீரும் பற்றிய புதிய அறிவியல் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு அதே இதழில் பெல்லி சிவகுமார் அதை மறுத்தார். சுவீடனின் மாலின் ஃபால்கன்மார்க் முப்பதாண்டுகளுக்கு முன்பே முன்வைத்த நீர்ச் சமூகவியல்தான் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். முன்னோடிக்கு உரிய இடம் தரப்படவில்லை என்ற அளவில் அவர் சொன்னது நியாயமே. ஆனால் பொருள் ஒத்திருப்பதைக் கொண்டு வழித்தோன்றலை நிறுவ முடியாது. ஃபால்கன்மார்க்கின் கவலை பெரும்பாலும் பற்றாக்குறையைச் சார்ந்தது: நீர் எவ்வளவு, தேவை எவ்வளவு, யாருக்கு எட்டும் என்பது. சிவபாலன் வந்தது வேறு வழி. அளவீட்டு நிலையமே இல்லாத ஆற்றில் வெள்ளம் எவ்வளவு வரும் என்ற கேள்விதான் அவரை அங்கே கொண்டு சேர்த்தது என்பது என் வாதம். அந்தக் கேள்வி சென்னை மாகாணத்தில் மிகப் பழையது.

ரைவ்ஸ் என்பவர் 1884இல் இம்மாகாணத்துக்கென வகுத்த சூத்திரம் எளிமையானது. நீர்ப்பிடிப்புப் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி ஒரு கெழுவால் பெருக்கினால் உச்ச வெள்ளம் கிடைக்கும். கெழுவைத் தீர்மானிப்பது கடலிலிருந்து உள்ள தொலைவு: கரையோரத்துக்கு 6.8, உள்நாட்டுக்கு 8.5, மலையடிவாரத்துக்கு ஏறத்தாழ 10. இங்கே ஒரு பாடபேதம் உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. நீரியல் பாடநூல்களில் கரையோர எல்லை 80 கி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸின் சிறுபாலக் கையேட்டிலோ 25 கி.மீ. முதல் வாசிப்பை ஏற்றால் எல்லைக்கோடு தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே விழும், உளுந்தூர்பேட்டை கரையோரமாகிவிடும். இரண்டாவதை ஏற்றால் கள்ளக்குறிச்சி மாவட்டச் சமவெளி முழுவதும் உள்நாடு. உளுந்தூர்பேட்டைப் பக்கம் 100 சதுர கி.மீ. பரப்புள்ள ஓர் ஓடைக்கு முதல் வாசிப்பு நொடிக்கு 147 கனமீட்டர் தரும், இரண்டாவது 183. பாலத்தின் கண்களை எவ்வளவு அகலமாக விடுவது என்பதை முடிவுசெய்யும் வேறுபாடு இது. மூலத்தில் இருந்தது 15 மைலா, 50 மைலா? படியெடுப்பில் எண் மாறியிருக்கலாம் என்றே ஊகிக்கிறேன். உறுதியாகச் சொல்லும் நிலையில் இல்லை.

இந்தப் பேதத்தை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. கெழு என்ற ஒற்றை எண்ணுக்குள் மழை, சரிவு, மண் மட்டும் அடங்கவில்லை. ஏரி, கலிங்கு, வரத்துக் கால்வாய் ஆகிய மனித வேலைகளும் அடங்கியிருக்கின்றன. உதாரணமாக, கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, பிறகு மணிமுத்தாற்றோடும் வெள்ளாற்றோடும் கலக்கிறது. வழியில் ஏரிகள் நிரம்பினால் நீர் தாமதமாகும்; கரை உடைந்தால் வெள்ளத்தின் மேல் வெள்ளம் சேரும். சிவபாலன் 1987இல் கீத் பெவன், எரிக் வுட் ஆகியோருடன் எழுதிய கட்டுரையும், 2003இல் பன்னாட்டு நீரியல் அறிவியல் சங்கத்தில் அவர் முன்னின்று தொடங்கிய ‘அளவிடப்படாத வடிநிலங்களில் கணிப்பு’ என்ற பத்தாண்டுத் திட்டமும் இந்த எண்ணைத் திறந்து பார்க்கும் முயற்சிகளே. அளந்த ஆற்றின் கெழுவை அளக்காத ஆற்றுக்கு இரவல் தராமல், நீர் ஓடும் முறையைப் புரிந்துகொண்டு கணிப்பதே நோக்கம். ஏரி நாட்டில் அந்த எண்ணைத் திறக்கிறவர் உள்ளே மனிதரைக் காணாமல் இருக்க முடியாது.

1987இன் கட்டுரையில் மனிதரே இல்லையே என்று கேட்கலாம். உண்மை; அது மலைச்சரிவின் ஈரத்தைப் பற்றியது. நேரடிச் சான்று மெலிந்த இடம் இதுதான். ஆனால் 2003இல் தொடங்கிய அத்திட்டத்தின், 2013இல் வெளிவந்த தொகுப்பு நூலின் ஐந்து பதிப்பாசிரியர்களில் மூவர் சமூக-நீரியலை அறிவித்த அதே மூவர். நான்காமவர் விக்லியோனே, அதே ஆண்டு வெள்ளமும் குடியிருப்பும் ஒன்றையொன்று மாற்றுவதைச் சமன்பாடாக்கிய தி பல்டசாரே கட்டுரையின் இணையாசிரியர். இந்த நெருக்கத்தைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். வெள்ளத்துக்கு மனிதர் இசைந்துகொள்வதை கில்பர்ட் வைட் 1945இலேயே எழுதினார் என்ற எதிர்வாதம் சிவகுமாருடையதைவிட வலுவானது. ஆயினும் வைட்டிடம் வெள்ளம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. சமூக-நீரியலில் மனிதர் வெள்ளத்தின் அளவுக்குள்ளேயே இருக்கிறார்கள். சிவபாலன் சமூக-நீரியலை நோக்கித் திரும்பியது எந்த ஆண்டில் என்பதை 2003க்கும் 2012க்கும் இடையே என்பதற்கு மேல் குறுக்க விரும்பவில்லை.

மனிதர் வெள்ளத்தின் அளவுக்குள் இருப்பதற்கு ஓர் உதாரணம்: ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது; 2024 டிசம்பர் 2 அன்று தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. திருக்கோவிலூரைக் கடந்த தென்பெண்ணை வெள்ளத்தில் மழையின் பங்கையும் மதகின் பங்கையும் எந்தக் கெழுவாலும் பிரிக்க முடியாது. கோமுகி, மணிமுத்தா வடிநிலங்களில் அடுத்த பாலத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள், எந்தக் கெழுவை எந்த வாசிப்பிலிருந்து எடுத்தார்கள் என்பதையும், மேலே உள்ள ஏரிகளின் கரையும் கலிங்கும் எந்த நிலையில் இருந்தன என்பதையும் கோப்பில் எழுதிவைக்க வேண்டும்.