பிரான்சுப் பாடசாலைகளும் மீற்றர் முறையும்

1812ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆந் திகதி நெப்போலியன் பிறப்பித்த ஆணையொன்று அளவைகளின் வரலாற்றிலே விந்தையானது. கடைகளிலும் சந்தைகளிலும் பழைய பெயருடைய அளவைகள் மீண்டும் வழங்கலாம். ஆயின் பாடசாலைகள் அனைத்திலும், தொடக்கப் பாடசாலைகள் உட்பட, தசம முறை ஒன்றே கற்பிக்கப்படல் வேண்டும் என்றது அவ்வாணை. தந்தை கடையிலே ஓர் அளவையைக் கையாள, மைந்தன் பாடசாலையிலே வேறோர் அளவையைப் பயின்றான்.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? புரட்சிக்கு முன்னர் பிரான்சிலே அளவைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. நாடெங்கும் ஒரே அளவை வேண்டும் என்பது மக்களின் நெடுநாள் முறைப்பாடு. ஆகவே, வடமுனையிலிருந்து பூமத்திய கோடு வரையுள்ள தூரத்திற் கோடியில் ஒரு பங்கே மீற்றர் என அறிஞர் வகுத்தனர். தெலாம்பர், மெசேன் என்னும் இருவர் 1792 முதல் 1798 வரை, டன்கேர்க்கிலிருந்து பார்சிலோனா வரையுள்ள நிலத்தை அளந்தனர். லீற்றர், கிராம் முதலிய பெயர்களை 1795ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநாட்டிற்று.

அறிஞர் மகிழ்ந்தனர், சந்தை மகிழவில்லை. கிரேக்கமும் இலத்தீனும் கலந்த பெயர்கள் நாவில் ஏறவில்லை. அதனினும் பெரிய இடர் ஒன்றிருந்தது. சில்லறையாக வாங்குவோர் அரை, கால், அரைக்கால் என்றே கேட்பர். பதினாறு அவுன்சு கொண்ட பழைய இறாத்தலை நான்கு முறை பாதியாக்கினும் பின்னம் வாராது. பத்தையோ இரண்டாம் முறை பாதியாக்கும்போதே பின்னம் வந்துவிடும். மக்கள் அறிவீனத்தால் மறுத்தனர் என்று கூறுதல் நியாயமன்று.

எனினும் கணக்கெழுதுவோர்க்குப் பழைய முறை பெருந்தொல்லையே. இறாத்தல் ஒன்றுக்கு 16 அவுன்சு. அவுன்சுக்கு 8 குரோ. குரோவுக்கு 72 தானிய எடை. ஆக, ஓர் இறாத்தலில் 9,216 தானிய எடை. இவற்றைக் கூட்டிப் பெருக்குவதற்கே மாணாக்கரின் காலம் கழிந்தது. தசம முறையிலோ புள்ளியை இடம் மாற்றினாற் போதும். பிராங்கு நாணயம் ஏற்கெனவே தசமமாகிவிட்டமையால், விலை பத்தாகவும் நிறை பதினாறாகவும் பிரிந்து நின்றன.

1812ஆம் ஆண்டு ஏற்பாடு ஓர் இணக்கமே. புதிய இறாத்தல் சரியாக 500 கிராம். ஆறடி கொண்ட துவாசு என்னும் கோல் சரியாக இரண்டு மீற்றர். பெயர் பழையது, பொருள் புதியது. ஆயினும் சந்தையிலே துறந்த முறையைப் பாடசாலையிலே காத்தமைதான் அவ்வாணையின் சிறப்பு. அது இல்லையேல் மீற்றர் அறிஞரின் ஏட்டோடு நின்றிருக்கக்கூடும்.

1833இல் கல்வி அமைச்சர் கீசோ கொணர்ந்த சட்டம் ஒவ்வோர் ஊரும், தனித்தோ அயலூருடன் சேர்ந்தோ, பாடசாலை ஒன்றை நடத்தப் பணித்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுடன் சட்டபூர்வமான அளவைகளையும் கட்டாய பாடமாக்கியது. பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்குமாறு அது ஊர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அங்காடியிற் பொருள் வாங்கும் மகளிர் பலரைப் புதிய பாடம் எட்டாதிருந்தது.

நான்கு ஆண்டுகளின் பின், 1837 யூலை 4ஆந் திகதிச் சட்டம் இணக்கத்தை ஒழித்தது. 1840 சனவரி முதலாந் திகதியிலிருந்து வேறு அளவைகள் செல்லா. பத்திரங்களிலும் விளம்பரங்களிலும் அவற்றின் பெயர்களை எழுதுவதும் குற்றம். 1812இல் ஏழு வயதினனாய்ப் புதிய கணக்கைக் கற்றவன் அன்று முப்பத்தைந்து வயதினன். கடையிலே தராசைப் பிடித்தவன் அவனாகவும் இருந்திருக்கலாம்.

நாவின் வழக்கத்தைச் சட்டம் முற்றாக மாற்றவில்லை. பிரான்சின் சந்தைகளில் வெண்ணெய் வாங்குவோர் இன்றும் ஓர் இறாத்தல் என்று கேட்பதுண்டு. நிறுத்துக் கொடுக்கப்படுவது 500 கிராம்.