ரிஸ்லியின் உடலளவுகளும் விலகு மதிப்புகளும்: கலவை மாதிரிக் கொத்தாக்கத்தின் ஓர் இந்திய முன்வரலாறு

தரவுத்தொகுப்பு ஒன்றில் ஏனையவற்றினின்று வெகுவாக விலகி நிற்கும் மதிப்பு, பிழையாகப் பதிவானதா அல்லது கவனிக்கப்படாத சிறு குழுவொன்றின் உறுப்பா? கொத்தாக்க ஆய்வாளர் இன்று எதிர்கொள்ளும் இவ்வினா, இந்தியப் புள்ளியியலின் தொடக்கக் காலத்திலேயே எழுந்ததாகும்.

ஒரு தொகுப்பைப் பல பரவல்களின் சேர்க்கையாகக் கொள்வதே கலவை மாதிரி. 1894இல் கார்ல் பியர்சன், நேப்பிள்ஸில் திரட்டப்பட்ட 1000 நண்டுகளின் அளவுகளை இரண்டு இயல்நிலைப் பரவல்களாகப் பிரித்தார். அதற்கு ஒன்பதாம் படிச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது. பியர்சனின் நெறியைப் பின்பற்றிய பி.சி. மகலனோபிஸ், 1922இல் கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர் 200 பேரின் உயரத்தை ஆராய்ந்தார். பின்னர் வங்காளத்தின் இனக்கலப்பை ஆராய்கையில், ஹெர்பர்ட் ரிஸ்லி 1891இல் வெளியிட்ட உடலளவுகளை நாடினார். அவற்றில் பிழைகள் இருந்தமையால், 1933இல் தாம் தொடங்கிய ‘சங்க்யா’ இதழின் முதல் தொகுதியிலேயே அத்தரவின் திருத்தத்தை வெளியிட்டார். உடலளவுத் தரவு இத்தகைய சோதனைக்கு இடந்தருவது. தலையின் நீளமும் அகலமும் அச்சில் இருப்பின் தலைச் சுட்டெண்ணை மீளக் கணக்கிடலாம். முரண்பட்டால் பிழை வெளிப்பட்டுவிடும்.

1936இல் அவர் வரையறுத்த தொலைவு, அளவுகளின் பரவலையும் அவற்றிடையேயான தொடர்பையும் கணக்கிற் கொண்டது. எனினும் சராசரியும் பரவலும் அதே தரவிலிருந்தே பெறப்படுவதால், விலகு மதிப்பு பரவலைப் பெருக்கித் தன்னைத் தானே மறைத்துக்கொள்ளக்கூடும். அன்றைய சென்னை மாகாணத்து ஹடகலியிற் பிறந்த சி.ஆர். ராவ், 1948இல் இரண்டு இயல்நிலைப் பரவல்களின் கலவையை மதிப்பிட்டபோதும் இச்சிக்கல் தீரவில்லை. 1977இல் டெம்ப்ஸ்டர், லெய்ர்ட், ரூபின் ஆகியோரின் கணிப்புமுறை வந்தபின் கலவை மாதிரிகள் பரவலாயின. அத்துடன் சிக்கலும் பரவியது. ஒற்றைப் புள்ளியே ஒரு கூறினைத் தனக்கென எடுத்துக்கொண்டு, அதன் மாறுபாட்டைச் சுழியை நோக்கிச் சுருக்கிவிடுவதுண்டு.

இதற்குப் பான்ஃபீல்டும் ராஃப்டரியும் 1993இல் ‘இரைச்சல்’ என்னும் தனிக் கூறினைச் சேர்த்தனர். பீலும் மெக்லாக்லனும் 2000இல், வால் தடித்த டி-பரவலைக் கையாண்டு விலகு மதிப்பின் எடையைக் குறைத்தனர். கார்சியா-எஸ்குதேரோ குழுவினர் 2008இல், முன்னரே குறித்த விகிதத்தை வெட்டி நீக்கினர்.

இம்முறைகள் கொத்துகளைக் காக்கின்றன. விலகலின் காரணத்தை அவை கேட்பதில்லை. அச்சுப்பிழையும் சிறு சமூகமொன்றின் உண்மையான உடலமைப்பும் ஒரே இரைச்சற் கூறினுள் வீழக்கூடும். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் திரட்டிய உடலளவுகளை மீளப் பகுப்பாய முனைவோர், மாதிரியைப் பொருத்துமுன் சுட்டெண்களை ஒவ்வொன்றாக மீளக் கணக்கிட வேண்டியிருக்கும்.