இன்கா பேரரசின் வீழ்ச்சியும் முடிச்சுக் கயிறுகளின் சாட்சியும்

ஸ்பானிய வீரர் 168 பேர் ஒரு பேரரசையே வென்றனர் என்று வரலாற்று வகுப்பில் நாம் பல்லாண்டுகள் கற்பித்து வந்தோம். அஃது உண்மையின் ஒரு பாதியே என்பதைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தோம். மறுபாதியை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

படையெடுப்பின் தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோ, எழுதப் படிக்க அறியாதவர். 1513-இல் பால்போவாவுடன் பனாமா நிலப்பகுதியைக் கடந்து பசிபிக் பெருங்கடலைக் கண்டார். பின்னர் அல்மாக்ரோ என்பாருடன் கூட்டுச் சேர்ந்து 1524-இலும் 1526-இலும் தெற்கு நோக்கிக் கலம் செலுத்தினார். முதற்பயணம் பசியிலும் பிணியிலும் முடிந்தது. இரண்டாம் பயணத்தில் பெருவின் செல்வத்தைக் கண்டறிந்தார். 1529-இல் ஸ்பானிய அரசியார் பெருவை வென்று ஆளும் உரிமையை அவருக்கு எழுதிக் கொடுத்தார். படிக்கத் தெரியாத ஒருவருக்கு ஒரு நாட்டையே எழுத்தில் வழங்கினர். அந்நாட்டு மக்களை எவரும் கேட்டாரில்லை!

அவ்வமயம் இன்கா நாட்டைக் கொள்ளைநோயும் உடன்பிறந்தார் போரும் உலுக்கியிருந்தன. உடன்பிறந்தவரான உவாஸ்காரை வென்ற அத்தாவல்பா, 1532 நவம்பர் 16-ஆம் நாள் கஹமார்க்கா நகர்ச் சதுக்கத்திற்குப் பெரிதும் படைக்கலமின்றியே வந்தார். பாதிரியார் வல்வெர்தே நீட்டிய சமயநூலை அவர் வீசியெறிந்ததும் பீரங்கிகள் முழங்கின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், மன்னர் சிறைப்பட்டார். மீட்புப் பொருளாக 6,000 கிலோவிற்கு மேற்பட்ட பொன்னும், அதனினும் மிகுந்த வெள்ளியும் குவிந்தன. எனினும் 1533 ஜூலையில் அவரைக் கொன்றனர்.

அங்கிருந்து குஸ்கோ தலைநகர் வரை நெடிய மலைவழி. சுமை சுமந்தவர் யார்? சோறிட்டவர் யார்? ஹௌஹா பள்ளத்தாக்கில் வாழ்ந்த உவாங்கா மக்கள் இன்காக்களால் அடக்கப்பட்டுக் கிடந்தவர்கள். பழைய ஆண்டைகள் ஒழிவர் என்று நம்பி அவர்கள் ஸ்பானியருடன் சேர்ந்தனர். அவர்களை நாம் குறை கூறத் துணியோம். ஆளும், லாமாவும், மக்காச்சோளமும், உருளைக்கிழங்கும் வரையின்றி வழங்கினர். கொடுத்த அனைத்திற்கும் கணக்கும் வைத்தனர்.

அக்கணக்கு ஏட்டில் இல்லை, கயிற்றில் இருந்தது. 'கிப்பு' எனப்படும் அம்முறையில் ஒரு தலைக்கயிற்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும். முடிச்சின் இடத்தையும் வகையையும் கொண்டு ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் எனப் படிப்பர். இதற்கெனப் பயின்ற கணக்கர் இருந்தனர். எழுத்தறியாத மக்கள் என்று நூலோர் எளிதில் எழுதிவிடும் இம்மக்களின் தலைவர்கள் 1561-இல் லிமா நகர் அரச நீதிமன்றத்தில் அக்கயிறுகளை வைத்து, 1533 முதல் தாம் கொடுத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தனர். மனமுவந்து கொடுத்தது வேறு, ஸ்பானியர் கொள்ளையிட்டது வேறு எனத் தனித்தனியே முடிந்து வைத்திருந்தமையே நம்மை வியக்கச் செய்தது. எழுத்தர்கள் அவற்றைக் கேட்டுத் தாளில் பதிந்தனர். பிசாரோ அதனைக் கேட்க இல்லை; 1541-இலேயே அல்மாக்ரோவின் ஆட்களால் லிமாவில் கொலையுண்டிருந்தார்.

உவாங்கா தலைவர்களுள் பெலிப்பே குவாக்ரபாவ்கார் என்பார் ஸ்பெயினுக்கே சென்று முறையிட்டு, குடும்பத்திற்குரிய விருதுச்சின்னம் ஒன்றைப் பெற்று மீண்டார். அவர்தம் குடிமக்களோ வரி செலுத்தினர். பின்னர் முறைவைத்து உவாங்காவெலிக்கா பாதரசச் சுரங்கத்திற்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர்.