பட்டப்பெயர்

வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் 1929 முதல் இருக்கிறது அந்தப் பத்தாம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனி. பார்வதி என்பார் சிலர். பார்வதி வடிவில் சோழ அரசி செம்பியன் மாதேவி என்பார் வேறு சிலர்.

குழித்துறையில், வகுப்பில் படத்தைக் காட்டினேன். "ராணின்னா, புருசன் செத்த பொறவு இவ்வளவு நகெ போட விட்டிருப்பாவளா டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. அவள் அம்மாவும் கைம்பெண்.

கண்டராதித்தர் மறைந்தபின் நெடுங்காலம் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கியவர் மாதேவியார். கல்வெட்டுகளிலோ மழவரையர் மகள், கண்டராதித்தர் தேவி, உத்தம சோழரின் தாய். செம்பியன் மாதேவி என்பதும் பட்டம்தான். சோழனின் பெருந்தேவி என்று பொருள். பிற சோழ அரசியரும் தாங்கியது. சிலை அரசிதான் என்று நாளையே முடிவானாலும் அதற்குக் கிடைப்பது கணவன் குலப்பெயர்.

மழவரையர் வீட்டில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்?