சேலம், நாமக்கல் சமவெளியில் பிள்ளைகளின் புத்தகங்கள்

குழந்தைப் புத்தகத்தை வாங்குபவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர். வாங்குபவர் நீதியையும் நல்ல தமிழையும் தேடுவார். படிப்பவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தாக வேண்டும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இரு நூற்றாண்டுகளாகப் பிள்ளைகளின் கைக்குப் போன எழுத்தைப் பார்த்தால், பெரும்பாலும் வாங்குபவரின் விருப்பமே வென்றிருக்கிறது. படிப்பவரின் விருப்பம் அவ்வப்போது தலைகாட்டியது, அதுவும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் வெளியேதான்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகி, பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, எண்சுவடி ஆகியவற்றை மனப்பாடம் செய்தார்கள். பொருள் வளர்ந்தபின் விளங்கும் என்பது வாத்தியாரின் நம்பிக்கை. பாடம் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று கேட்கும் வழக்கம் அன்று இல்லை. அதே பிள்ளைக்குக் கதை வேறிடத்தில் கிடைத்தது. கொங்கு நாட்டுக் கோயில் நோன்புகளில் உடுக்கடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் கதையையும் தெருக்கூத்தையும் வயது பார்த்து யாரும் பிரித்துவைக்கவில்லை. கதை நாயகர்களான பொன்னரும் சங்கரும் மடியும் இடம் வரும்வரை சிறுவர்களும் விழித்திருந்து கேட்டார்கள்.

அச்சு வந்தபோதும் தேர்வு பெரியவர்களிடமே இருந்தது. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்து பின்னர் பாடநூலாயிற்று. தமிழின் முதல் சிறுவர் இதழாகச் சொல்லப்படும் பாலதீபிகை 1840இல் நாகர்கோவிலில் மிஷனரிகளின் முயற்சியால் பிறந்தது. இவை இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: பிள்ளையைத் திருத்துவது. பஞ்சதந்திரம் மட்டும் பிள்ளைகளிடம் தானாக ஒட்டிக்கொண்டது. அரசியல் கற்பிக்க எழுந்த நூலில் நரியும் முதலையும் குரங்கும் பேசியதே காரணம்.

இந்தச் சமவெளிக்கே உரிய ஒரு முயற்சி திருச்செங்கோட்டுக்கு அருகே நடந்தது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1925இல் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். அங்கிருந்து 1929இல் ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழ் புறப்பட்டது; உடனிருந்து உழைத்தவர் கல்கி. பத்து இதழ்களோடு அது நின்றது. சிறுவர்களுக்காக எழுதப்பட்டதல்ல, கள்ளை விடச் சொல்லும் பிரசாரந்தான். ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் கிராமத்தானுக்குப் புரிய வேண்டுமென்று கதை, பாட்டு, படம் ஆகியவற்றோடு எழுதியது இருவருக்கும் நல்ல பயிற்சி. ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ம் ‘சக்கரவர்த்தித் திருமக’னும் பின்னர் கல்கி இதழில் தொடராக வந்தபோது, குழந்தைகளுக்கென்று முத்திரை குத்தப்படாமலே பள்ளிப் பிள்ளைகள் அவற்றைப் படித்தார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. இராசிபுரத்தைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்ட ஆர்.கே. நாராயண் 1935இல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலின் நாயகன் பள்ளிச் சிறுவன். நாவலோ முதலில் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. குழந்தையைப் பற்றிய புத்தகம் எல்லாம் குழந்தைக்கான புத்தகம் ஆகிவிடாது. வாங்கும் பெற்றோர் இன்றும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பிள்ளையின் ருசியை முதலில் மதித்தவை பத்திரிகைகள். நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் அரசனும் அரக்கனும் வேதாளமும் மாதந்தோறும் வந்தார்கள். தாராபுரம் அருகே காரத்தொழுவில் பிறந்த ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், முதுகில் வேதாளத்தோடு, பல தலைமுறைகளின் மனத்தில் பதிந்தான். 1950இல் கலைமகள் குழுமம் ‘கண்ணன்’ இதழைத் தொடங்கியது. அதே ஆண்டு அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்தார். வள்ளியப்பாவின் பாட்டுகளில் அறிவுரை இல்லாமல் இல்லை. ஆனால் தாளமும் வேடிக்கையும் முன்னே வந்தன; அதனால் பிள்ளைகள் அவற்றைப் பாடினார்கள். திருச்சி வானொலியின் குழந்தைகள் நிகழ்ச்சிகளும் இந்தப் பகுதிக்கு எட்டின. திருச்செங்கோட்டுப் பக்கத்து வேளாண் குடும்பத்தில் 1966இல் பிறந்த பெருமாள்முருகன் சிறுவயதில் எழுதிய பாடல்கள் அந்த வானொலியில் ஒலித்தன.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவி பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் தொங்கினார், வாடகை நூல் நிலையங்களில் கைமாறினார். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. படிப்பைக் கெடுக்கும் என்று பல வீடுகளில் தடை போட்டார்கள். பிள்ளைகளோ பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தார்கள். நீண்ட வாசிப்புக்கான பழக்கம் பலருக்கு அங்கேதான் உண்டானது என்பதை மறுப்பது நேர்மையாகாது.

நூலகம் இதற்கு எதிர்த் திசையில் நடந்தது. 1948இன் மதராஸ் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அதன்படி நூலக வரியும், மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும், கிளை நூலகங்களும் வந்தன. ஆத்தூர், ஓமலூர், இராசிபுரம் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் புத்தகம் கிடைக்கச் செய்தது இந்த ஏற்பாடுதான். அதன் பெருமை குறையாது. ஆனால் எந்தப் புத்தகம் என்பதை முடிவு செய்தது பெரியவர்களின் குழு. நூலகங்களின் கொள்முதல் ஆணையை நம்பியே பல பதிப்பகங்கள் சிறுவர் நூல் அச்சிட்டன. ஆகவே தலைவர் வரலாறுகளும் நீதிக் கதைகளும், சிறிய எழுத்தில் மங்கிய தாளில், அலமாரியை நிறைத்தன. அவற்றுக்கு நடுவே நியூ செஞ்சுரி புத்தக நிலையம் விற்ற சோவியத் சிறுவர் நூல்கள் தனியாகத் தெரிந்தன. பெரிய படம், நல்ல தாள், குறைந்த விலை. கரடியும் பனியும் அறிமுகமில்லாதவை என்று எந்தப் பிள்ளையும் ஒதுக்கவில்லை.

1990களுக்குப் பிறகு நிலை மெல்ல மாறியது. சென்னையில் தூலிகா போன்ற பதிப்பகங்கள் படப் புத்தகத்தைத் தனிக் கலையாக வளர்த்தன. பாரதி புத்தகாலயம் சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவு நடத்துகிறது. பள்ளிக்கல்வித் துறை 2022இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைத் தொடங்கியது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் இன்னும் ஒரு படி முன்னே போனது. முதல் கட்டத்தில் 53 சிறு நூல்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகள். சில பக்கங்களே கொண்டவை, பெரிய படங்கள், பேச்சுக்கு நெருங்கிய சிறு வாக்கியங்கள். எந்த வகுப்பில் இருக்கிறாய் என்று கேட்காமல், உன்னால் எதை வாசிக்க முடிகிறது என்று கேட்டுத் தொடங்கும் முறை இது. திண்ணைப் பள்ளிக் காலத்தில் எழாத கேள்வியை அரசுப் பள்ளி இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறது.

நூலகத்துக்கும் வீட்டுக்கும் அந்தக் கேள்வி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ஆண்டுவிழாப் பரிசுக்கும் புத்தகத் திருவிழா வாங்கலுக்கும் பட்டியல் போடும் ஆசிரியர்களும் பெற்றோரும் முதலில் பிள்ளையைக் கடையின் முன் நிறுத்தி, அது எந்தப் புத்தகத்தை எடுத்து இரண்டாம் பக்கத்துக்குப் போகிறது என்று பார்க்கட்டும். கிளை நூலகங்களும் புதிய நூல்களுக்குப் பரிந்துரை எழுதும் முன் சிறுவர் பிரிவின் இரவல் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.